தரப்புள்ளி என்னும் உறவுமுறை: சுல்தான் கான் முதல் மாமல்லபுரம் வரை

2022 ஆகஸ்ட் 9 அன்று மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாடின் கடைசிச் சுற்று முடிந்தது. பொதுப்பிரிவின் முடிவுப் பட்டியலைத் தொடக்கப் பட்டியலோடு ஒப்பிட்டவர்களுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. தரப்புள்ளிச் சராசரியின்படி முதலிடத்தில் வைக்கப்பட்டிருந்த அமெரிக்கா ஐந்தாவதாக முடித்தது. இரண்டாமிடத்தில் வைக்கப்பட்டிருந்த இந்திய 'ஏ' அணிக்கு நான்காம் இடமே கிட்டியது. பதக்கம் வென்ற மூன்று அணிகளும் தொடக்கப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள்கூட இல்லை. தங்கம் வென்ற உஸ்பெகிஸ்தான் 14ஆம் இடத்திலும், வெள்ளி வென்ற ஆர்மீனியா 12ஆம் இடத்திலும், வெண்கலம் வென்ற இந்திய 'பி' அணி 11ஆம் இடத்திலும் இருந்தன.

'ஏ' அணியில் ஆடிய ஐவருள் ஒருவர் எஸ்.எல்.நாராயணன். 1998இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 2015இல் இந்தியாவின் 41ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனவர். 'பி' அணியில் சென்னையின் குகேஷும் பிரக்ஞானந்தாவும், திருச்சூரின் நிஹால் சரினும் இருந்தனர். குகேஷுக்கு அப்போது வயது 16. அவருடைய தரப்புள்ளி 2684. பதினொரு ஆட்டங்களில் 9 புள்ளி பெற்று முதற்பலகைத் தங்கத்தை அவர் வென்றார். அத்தொடரில் அவர் ஆடிய ஆட்டம் 2867 தரப்புள்ளி உடைய ஒருவரிடம் எதிர்பார்க்கத்தக்க ஆட்டமாக இருந்தது. நிஹால் சரின் இரண்டாம் பலகைத் தங்கத்தை வென்றார்.

அப்படியானால் தொடக்கப் பட்டியலின் எண்கள் பிழையானவையா? கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்த எண்கள் எதை அளக்கின்றன என்பதைப் பற்றிய பொதுப்புரிதலில் ஒரு பிழை உண்டு. அதைத் தெளிவுபடுத்திக்கொள்ள இந்த எண்ணின் வரலாற்றுக்குள் செல்ல வேண்டியிருக்கிறது. அவ்வரலாறு இந்திய ஆட்டக்காரர்களை, குறிப்பாகப் போட்டி மையங்களிலிருந்து தொலைவில் இருந்தவர்களை, நேரடியாகத் தொட்ட ஒன்று.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழ் நாளிதழ்களில் 'தரவரிசை' என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு பொருள்களைச் சுமக்கிறது. ஒருவர் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்பது தரவரிசை. அவ்விடத்தைத் தீர்மானிக்கும் எண் தரப்புள்ளி. ஆட்டக்காரர்கள் பேச்சில் 'ரேட்டிங்' என்பது இதையே. முன்னது வெறும் வரிசை. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை அது சொல்லாது. பின்னது தொலைவைச் சொல்லும். அது சொல்வதும் தொலைவை மட்டுமே என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து.

*

எண் வருவதற்கு முன்பு பெயரும் பரிந்துரையும் இருந்தன. யார் வலியவர் என்பதை அழைப்பிதழ் அனுப்பும் போட்டி அமைப்பாளர்களும், பத்திரிகைப் பத்தி எழுத்தாளர்களும், ஐரோப்பாவின் செஸ் கழகங்களும் தீர்மானித்தன. இம்முறையின் குறையை மீர் சுல்தான் கானின் வாழ்வு போல விளக்கும் சான்று வேறில்லை.

பஞ்சாபில் பிறந்த சுல்தான் கான், நில உடைமையாளரான சர் உமர் ஹயாத் கானின் பணியாளராக இருந்தவர். இந்திய விதிகளின்படி சதுரங்கம் கற்றவர். அவ்விதிகளில் சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் பாய முடியாது. ஆட்டத்தின் தொடக்கமே வேறு. 1929இல் தம் எசமானருடன் இலண்டன் சென்று, அதே ஆண்டில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1932இலும் 1933இலும் மீண்டும் வென்றார். 1930, 1931, 1933 ஒலிம்பியாடுகளில் இங்கிலாந்தின் முதற்பலகையில் ஆடினார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியனான கியூபாவின் கபபிளாங்காவையே தோற்கடித்தார். 1933இன் இறுதியில் எசமானர் நாடு திரும்ப, அவரும் திரும்பினார். சர்வதேச அரங்கில் அவருடைய ஆட்டம் அத்துடன் முடிந்தது.

1950இல் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே முதன்முறையாக அதிகாரபூர்வ கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை 27 பேருக்கு வழங்கியது. அப்போது நடப்பில் இருந்தவர்கள் மட்டுமின்றி, உச்சத்தைக் கடந்துவிட்ட மூத்தவர்களும் அப்பட்டியலில் இடம்பெற்றனர். சுல்தான் கான் உயிரோடு இருந்தார். அவர் பெயர் இல்லை. அவர் 1966இல் மறைந்தார். பின்னாளில் ஆர்பாட் எலோ பழைய ஆட்டக்காரர்களின் முடிவுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, சுல்தான் கானின் உச்சத் தரம் சுமார் 2530 என வந்தது. இன்றைய விதியில் கிராண்ட்மாஸ்டராவதற்குத் தேவையான எல்லை 2500. 2024 பிப்ரவரியில், அதாவது மறைந்து 58 ஆண்டுகளுக்குப் பின், ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. பெயரால் மதிப்பிட்ட ஓர் அவை காணத் தவறியதை ஒரு கணக்கு கண்டுகொண்டது. தரப்புள்ளி முறையின் அறம்சார்ந்த நியாயம் இதில் அடங்கியிருக்கிறது: அது ஆளின் சாதி, செல்வம், மொழி, நிறம் எதையும் கேட்பதில்லை, முடிவுகளை மட்டும் கேட்கிறது.

*

முடிவுகளை எண்ணாக மாற்றும் முயற்சிகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒழுங்கு பெற்றன. 1948இல் ஜெர்மனியில் ஆன்டன் ஹோஸ்லிங்கர் உருவாக்கிய இங்கோ முறை, அவர் ஊரான இங்கோல்ஸ்டாட்டின் பெயரைக் கொண்டது. அதில் எண் குறையக் குறையத் தரம் கூடும். அமெரிக்காவில் கென்னத் ஹார்க்னஸ் வகுத்த முறை 1950 முதல் வழக்கில் இருந்தது. ஒருவர் எதிர்கொண்ட எதிராளிகளின் சராசரி 1800 என்றும், அவர் பத்து ஆட்டங்களில் ஆறு புள்ளி எடுத்தார் என்றும் கொள்வோம். ஐம்பது விழுக்காட்டுக்கு மேலான ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் பத்துப் புள்ளி கூட்டினால் அவருடைய ஆட்டத்தரம் 1900. எளிய முறைதான், ஆயினும் எதிராளிகள் மிக வலியவராகவோ மிக எளியவராகவோ இருக்கும்போது விசித்திரமான விடைகளைத் தந்தது. ஆட்டங்கள் அனைத்திலும் தோற்றவருக்கும் தரம் உயரக்கூடிய நிலை அதில் இருந்தது.

இக்குறையைக் களைந்தவர் ஆர்பாட் எலோ. 1903இல் ஹங்கேரியில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்று, மில்வாக்கியின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை எண்ணம் இயற்பியலாளருக்குரியது: ஒருவரின் ஆட்டம் நாளுக்கு நாள் மாறும், ஒரு நடுநிலையைச் சுற்றி ஏறி இறங்கும், அந்த நடுநிலையை நேரில் காண இயலாது, பல ஆட்டங்களின் முடிவுகளிலிருந்து ஊகித்தறியவே இயலும். காற்றில் ஆடும் கயிற்றில் கட்டப்பட்ட அளவுகோலைக் கொண்டு, நீரில் மேலும் கீழும் அசையும் தக்கையின் இடத்தை அளப்பதற்கு இம்முயற்சியை அவர் ஒப்பிட்டார். தம் அளவையின் எல்லையை அவர் தொடக்கத்திலேயே அறிந்திருந்தார் என்பது குறிக்கத்தக்கது.

அமெரிக்கச் செஸ் கூட்டமைப்பு 1960இலும், ஃபிடே 1970இலும் எலோவின் முறையை ஏற்றன. தொடக்க ஆண்டுகளில் உலகப் பட்டியலை ஒரு கைக் கணிப்பானைக் கொண்டு எலோ தாமே கணக்கிட்டார். 1978இல் அவர் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று.

முறையின் இயக்கம் மூன்று படிகளில் அடங்கும். முதற்படி எதிர்பார்ப்பு. இரண்டு ஆட்டக்காரர்களின் தரப்புள்ளி வேறுபாட்டைக் கொண்டு, வலியவர் ஓர் ஆட்டத்தில் சராசரியாக எவ்வளவு எடுப்பார் என்பது முன்கூட்டிக் கணிக்கப்படுகிறது. வெற்றிக்கு 1, சமனுக்கு 0.5, தோல்விக்கு 0. வேறுபாடு ஏதுமில்லையெனில் எதிர்பார்ப்பு 0.50. வேறுபாடு 100 எனில் 0.64, 200 எனில் 0.76, 400 எனில் 0.92. இரண்டாம் படி ஒப்பீடு. உண்மையில் எடுத்ததிலிருந்து எதிர்பார்த்தது கழிக்கப்படுகிறது. மூன்றாம் படி திருத்தம். அந்த வேறுபாட்டை ஒரு கெழுவால் பெருக்கிப் பழைய எண்ணோடு கூட்டுகிறார்கள். இக்கெழுவுக்கு 'கே' என்று பெயர். இன்றைய ஃபிடே விதியில் புதியவர்களுக்கும், 2300க்குக் கீழுள்ள 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் அது 40, ஏனையோருக்கு 20, ஒருமுறை 2400ஐத் தொட்டவர்களுக்கு 10.

ஓர் எடுத்துக்காட்டு. 1500 தரப்புள்ளி உள்ள ஒரு சிறுமி 1700 உள்ள ஒருவரை வெல்கிறாள் எனக் கொள்வோம். அவளிடம் எதிர்பார்க்கப்பட்டது 0.24, எடுத்தது 1. மிகுதி 0.76ஐ 40ஆல் பெருக்கினால் 30.4 புள்ளி அவளுக்குக் கூடும். தோற்றவரின் கெழு 20 எனில் அவருக்கு 15.2 புள்ளி குறையும். எதிர்பார்த்தபடியே முடிந்தால் மாற்றம் சிறிது; எதிர்பாராதது நேர்ந்தால் மாற்றம் பெரிது. தன் பிழையைத் தானே படிப்படியாகத் திருத்திக்கொள்ளும் பொறி இது.

இந்த அளவுகோலின் படிகள் கூட்டல் வழியில் தோன்றினாலும் உள்ளே பெருக்கல் வழியில் இயங்குகின்றன. அமெரிக்காவில் இன்று வழங்கும் சமன்பாட்டின்படி 400 புள்ளி வேறுபாடு என்பது பத்துக்கு ஒன்று என்ற விகிதம். ஏறத்தாழ ஒவ்வொரு 120 புள்ளிக்கும் விகிதம் இரட்டிக்கிறது. கேரளத்தில் அம்பலப்புழைப் பால்பாயசத்தின் தோற்றக்கதையாக வழங்கும் தொன்மத்தில், கண்ணனிடம் சதுரங்கத்தில் தோற்ற மன்னர் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிக்கும் அரிசியைத் தர ஒப்புக்கொண்டு தவித்தார். இரட்டிப்பின் வேகத்தை மனம் எளிதில் உணர்வதில்லை. 2000க்கும் 2400க்கும் இடையிலான தொலைவை 'இன்னும் கொஞ்சம்' என்று கருதும் இளம் ஆட்டக்காரரும் அந்த மன்னரின் நிலையில்தான் இருக்கிறார்.

*

மேற்கண்ட கணக்கில் ஒன்றைக் கவனிக்கலாம். எந்தப் படியிலும் ஒருவரின் எண் தனியாக வருவதில்லை; வேறுபாடு மட்டுமே வருகிறது. உலகில் உள்ள அனைவரின் தரப்புள்ளியோடும் ஆயிரத்தைக் கூட்டினாலும் எதுவும் மாறாது. 2700 என்பது வெப்பநிலையைப் போலவோ எடையைப் போலவோ ஓர் உள்ளீட்டைக் குறிக்கவில்லை. மொழியியலின் முன்னோடியான சொசூர், ஒரு சொல்லின் மதிப்பு அம்மொழியின் பிற சொற்களோடு அதற்குள்ள வேறுபாட்டால் அமைகிறது என்பதை விளக்கச் சதுரங்கத்தையே உவமையாக்கினார்: காயின் மதிப்பு பலகையில் அதன் இடத்தைப் பொறுத்தது, அது மரமா தந்தமா என்பதைப் பொறுத்ததன்று. அவர் காய்களைப் பற்றிச் சொன்னது, எலோவின் முறையில் காய்களை நகர்த்துபவருக்கும் பொருந்துகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. இரண்டு ஆட்டக்காரர்களின் எண்களை ஒப்பிட வேண்டுமென்றால் அவர்களுக்கிடையே ஆட்டங்களாலான ஒரு பாலம் இருக்க வேண்டும். அவர்கள் நேரில் ஆடியிருக்க வேண்டியதில்லை. பொது எதிராளிகளின் சங்கிலி போதும். அச்சங்கிலி மெலிந்தால் எண்கள் ஒரே தாளில் அச்சாகியிருந்தாலும் ஒரே அளவுகோலில் இருப்பதில்லை.

வரலாறு இதற்கு வேடிக்கையான சான்றுகளையும் தந்திருக்கிறது. அமெரிக்காவின் விர்ஜீனியாச் சிறையில் ஆயுள் கைதியாக இருந்த கிளாட் பிளட்குட், சிறைக்குள்ளேயே சக கைதிகளோடு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடி, 1996இல் 2700ஐத் தாண்டி அமெரிக்கப் பட்டியலின் இரண்டாம் இடத்துக்கு வந்தார். 1990களின் இறுதியில், பெரும்பாலும் தமக்குள்ளேயே ஆடிய மியான்மர் ஆட்டக்காரர்கள் பலரின் எண்கள் உலகப் பட்டியலில் திடீரென உயர்ந்து நின்றன. இவ்விரண்டிலும் கணக்கு விதிப்படியே நடந்தது. மூடிய குளத்தின் நீர்மட்டம் வெளியிலுள்ள ஏரியின் மட்டத்தைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

வேடிக்கையற்ற சான்று பெண்களுடையது. 1987இல் ஃபிடே, பெண்கள் பெரும்பாலும் தமக்குள்ளேயே ஆடுவதால் அவர்களின் எண்கள் ஆண்களின் அளவுகோலோடு இணையவில்லை என்று கூறி, பெண்கள் அனைவருக்கும் 100 புள்ளி கூட்டியது; ஒருவருக்கு மட்டும் கூட்டவில்லை. ஹங்கேரியின் சுசா போல்கர் ஆண்களோடு ஆடித் தம் எண்ணை ஈட்டியவர் என்பதால் அவர் விலக்கப்பட்டார். பெண்கள் பட்டியலில் முன்னணியில் இருந்த அவர் ஒரே நாளில் பின்தள்ளப்பட்டார். நோயைச் சரியாகக் கண்டறிந்த மருத்துவம், மருந்தைத் தவறாகத் தந்த நிகழ்ச்சி இது. குளங்களை இணைப்பதற்கு உரிய வழி எண்ணைக் கூட்டுவது அன்று, ஆட்டங்களைக் கூட்டுவது. இந்தியாவில் 1976இல் சிறுமியான ரோகிணி காடில்கர் ஆடவர் தேசியப் போட்டியில் ஆடியபோது எதிர்ப்பு எழுந்து, அது நீதிமன்றம் வரை சென்றது. அப்போதைய ஃபிடே தலைவர் மாக்ஸ் யூவே பெண்களைத் தடுக்கக்கூடாது என அறிவித்தார். ஆடும் உரிமை என்பது அளக்கப்படும் உரிமையும் ஆகும் என்பதை அவ்வழக்கு முன்கூட்டியே காட்டியது.

*

இந்திய ஆட்டக்காரர்களின் நெடுங்காலச் சிக்கலும் பாலத்தைப் பற்றியதே. மானுவேல் ஆரோன் 1961இல் நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1962 ஸ்டாக்ஹோம் போட்டியில் போர்டிஷையும் ஊல்மனையும் வென்றார். ஆயினும் அடுத்த சர்வதேச மாஸ்டரான வி.ரவிகுமாரை நாடு காண 1978 வரை காத்திருக்க நேர்ந்தது. திறன் இல்லை என்பது இதற்குரிய விளக்கம் ஆகாது. ஃபிடே பட்டியலில் ஆடவருக்கான கீழெல்லை நீண்ட காலம் 2200ஆக இருந்தது. அதில் இடம்பெற, ஏற்கெனவே இடம்பெற்றவர்களோடு ஆடிப் போதிய புள்ளி எடுக்க வேண்டும். நாட்டில் அத்தகையோர் மிகச் சிலர். வெளிநாட்டுப் பயணமோ பெருஞ்செலவு. அளவுகோல் உலகுக்குப் பொதுவாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்புப் பொதுவாக இல்லை.

சென்னையில் நேர்ந்த மாற்றம் இங்குதான் பொருள் பெறுகிறது. 1972இல் சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கப்பட்ட தால் செஸ் கழகம், வலிய ஆட்டக்காரர்களும் சிறுவர்களும் ஒரே கூரையின்கீழ் ஆடும் இடமாயிற்று. அங்கு ஆடி வளர்ந்த விசுவநாதன் ஆனந்த், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதற்கான கடைசித் தகுதியை அவர் பெற்றது கோயம்புத்தூரில் நடந்த ஒரு சர்வதேசப் போட்டியில். பட்டத்துக்குத் தரப்புள்ளி 2500 மட்டும் போதாது. பட்டம் பெற்றவர்களும் அயல்நாட்டவரும் கலந்துகொள்ளும் போட்டிகளில் 'நார்ம்' எனப்படும் தகுதிகளை எட்ட வேண்டும். ஆட்டக்காரர் அயல்நாட்டுக்குச் செல்வது ஒரு வழி. அயல்நாட்டவரை ஊருக்கு வரவழைப்பது மற்றொரு வழி. தமிழ்நாடு இரண்டாவது வழியைக் கண்டுகொண்டது. கீழெல்லை 1993இல் 2000ஆகவும், பின் படிப்படியாக 2012இல் 1000ஆகவும் தாழ்ந்தபோது, வார இறுதிப் போட்டிகளில் ஆடும் பள்ளிச் சிறார்களும் உலகப் பட்டியலுக்குள் வந்தனர்.

கேரளத்தின் பாதை இதைவிட மெதுவானது. மாநிலத்தின் முதல் கிராண்ட்மாஸ்டரான ஜி.என்.கோபால் 2007இலும், நாராயணன் 2015இலும், நிஹால் சரின் 2018இலும் பட்டம் பெற்றனர். மதுப்பழக்கத்திலிருந்து ஊரை மீட்கச் செஸ் உதவியது என்று பேசப்படும் திருச்சூர் மாவட்டத்து மரோட்டிச்சாலைக் கொண்ட மாநிலத்தில் ஆட்டத்தின் மீதான ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆர்வத்தை எண்ணாக மாற்றும் அடர்த்தியான போட்டிச் சூழலே கிழக்கே சென்னையில் முதலில் திரண்டது.

*

அடர்த்திக்கும் ஒரு விலை உண்டு. உண்மையில் 1900 அளவுக்கு ஆடக்கூடிய, ஆனால் 1500 என்று பதிவாகியிருக்கும் ஒரு சிறுவனை எண்ணிப் பார்ப்போம். அவன் 1900 உள்ள நடுவயது ஆட்டக்காரர் ஒருவரை வென்றால் அவனுக்கு 36.8 புள்ளி கூடும், அவருக்கு 18.4 புள்ளி குறையும். அவருடைய ஆட்டம் சிறிதும் தாழவில்லை, எண் தாழ்ந்தது. இத்தகைய பத்துச் சிறார்கள் உள்ள நகரத்தில் அவர் சில மாதங்களில் 1750க்கு வந்துவிடலாம். பிறகு அவரை எதிர்கொள்ளும் மற்றொருவரும் உரிய புள்ளியைப் பெறமாட்டார். வேகமாக வளரும் சிறார்கள் மிகுந்த இடத்தில் குளத்தின் மட்டமே இறங்குகிறது. அங்கிருந்து வெளியூர் செல்பவர் தம் எண்ணைவிட வலியவராக இருக்கிறார். அவரை எதிர்கொள்ளும் ஐரோப்பியர் எதிர்பாராத தோல்விக்கு ஆளாகிறார்.

2020இல் வந்த பெருந்தொற்று இவ்விடைவெளியை அகலப்படுத்தியது. நேரடிப் போட்டிகள் நின்றன, எண்கள் உறைந்தன. சிறார்களின் வளர்ச்சி உறையவில்லை. அவர்கள் இணையத்தில் ஆடியும் பயின்றும் வளர்ந்தனர். மாமல்லபுரத்தின் தொடக்கப் பட்டியல் இப்பின்னணியில் உருவானது. மேலும் குகேஷைப் போல 2400ஐக் கடந்துவிட்டவருக்கு வயது எதுவாயினும் கெழு 10தான். 2684க்கும் 2867க்கும் இடையிலான 183 புள்ளியை ஈட்ட, எதிர்பார்ப்பைவிட 18.3 ஆட்டப்புள்ளி கூடுதலாக எடுக்க வேண்டும். பதினொரு ஆட்டத் தொடரில் அனைத்தையும் வென்றாலும் அது இயலாது. ஒரே தொடரின் ஆட்டத்திறன் ஒருவரின் நிலையான திறனைக் காட்டிலும் மிகுந்து தோன்றலாம் என்பது உண்மையே. ஆனால் ஒரு பதக்கமேடை முழுவதும் முதல் பத்துக்கு வெளியிலிருந்து நிரம்பியதைத் தற்செயல் என்று மட்டும் கூறி நகர்வது கடினம். உஸ்பெகிஸ்தான் அணியும் இந்திய 'பி' அணியும் மிக இளையவர்களால் ஆனவை. எண் பொய் சொல்லவில்லை. அது நேற்றைய உண்மையைச் சொன்னது.

ஃபிடே இதை உணர்ந்தது. புள்ளியியலாளர் ஜெஃப் சோனாசின் ஆய்வை அடியொற்றி, 2024 மார்ச் 1 அன்று 2000க்குக் கீழுள்ள அனைவருக்கும் ஒருமுறைத் திருத்தம் செய்தது. 2000க்கும் ஒருவரின் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டில் நாற்பது விழுக்காடு கூட்டப்பட்டது. 1000 இருந்தவர் 1400 ஆனார்; 1500 இருந்தவர் 1700; 1800 இருந்தவர் 1880. கீழெல்லையும் 1400ஆக உயர்ந்தது. எவரும் ஓர் ஆட்டமும் ஆடாமல் இலட்சக்கணக்கானோரின் எண் ஓரிரவில் மாறிய அந்நாள், தரப்புள்ளி உடலில் ஊறிய பண்பன்று என்பதை அனைவருக்கும் கண்கூடாக்கியது. விரிந்திருந்த தொலைவு சுருங்கியது: 1000க்கும் 1500க்கும் இடையே இருந்த 500 புள்ளி 300 ஆயிற்று. தொடக்கநிலைச் சிறாரிடம் தோற்பதால் ஏற்படும் இழப்பு குறைந்தது.

*

இவ்வளவையும் ஒரு கணக்கியல் நுட்பமாகக் கருதி ஒதுக்க முடியாததற்குக் காரணம், இந்த எண் ஒரு வாயிற்காவலன் என்பதே. எந்தப் பிரிவில் ஆடலாம், எவர் அழைக்கப்படுவார், எவருக்கு உதவித்தொகை கிடைக்கும் என்பன அதைச் சார்ந்துள்ளன. உலகச் சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் ஓர் இடமே தரப்புள்ளிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 2023 டிசம்பரில் அந்த இடத்துக்காக அலிரேசா ஃபிரூஜா பிரான்சில் ஆண்டிறுதி ஆட்டங்களில் இறங்கித் தம் எண்ணை உயர்த்தியது பெரும் விவாதமாயிற்று. அதே மாதம் சென்னையில் நடந்த கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியை வென்ற குகேஷ், ஃபிடே சர்க்யூட் வழியாகக் கேண்டிடேட்ஸுக்குள் நுழைந்தார். 2024 ஏப்ரலில் டொராண்டோவில் அதை வென்றார். டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று உலகச் சாம்பியன் ஆனார். சென்னையில் அப்போட்டி நடந்திராவிட்டால் அவர் திறன் குறைந்திருக்காது. அது அந்த ஆண்டு உரிய வாயிலை அடைந்திருக்குமா என்பதே கேள்வி.

ஒப்பிட்டால், 1929இல் இலண்டன் சென்ற சுல்தான் கானுக்கு வாயில் திறந்தது ஓர் எசமானரின் பயணத்தால், மூடியதும் அதனாலேயே. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு வாயிலைத் திறப்பது எண். அந்த எண்ணைத் தருவது ஊரில் நடக்கும் போட்டிகள். எசமானரின் விருப்பத்தைவிட இது மேலான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் போட்டி நடக்கும் ஊரில் பிறந்தவருக்கும் நடக்காத ஊரில் பிறந்தவருக்கும் இடையே அது வைக்கும் வேறுபாடு, எந்தச் சமன்பாட்டிலும் காணப்படாத ஒன்று.

2023 நவம்பரில் கேரள அரசும் கியூபாவும் இணைந்து திருவனந்தபுரத்தில் சே சர்வதேசச் செஸ் விழாவை நடத்தின. கபபிளாங்காவின் நாட்டிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள், நாராயணன் பிறந்த நகரத்தின் சிறார்களோடு ஒரே அரங்கில் அமர்ந்தனர். நட்புறவு விழா என்றே அது அறியப்பட்டது. தரப்புள்ளியின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அத்தகைய நிகழ்வின் மற்றொரு பொருளும் புலப்படும்: இரண்டு குளங்களுக்கு இடையே ஒரு கால்வாய் வெட்டப்படுகிறது. இத்தகைய கால்வாய்கள் ஆண்டுக்கு ஒன்றாக அமையாமல் மாதத்துக்கு ஒன்றாக அமையும் ஊரில்தான் எலோவின் எண், அவர் எண்ணியபடி, திறனை நெருங்கி நிற்கும். ஆகவே ஒரு சிறுமியின் தரப்புள்ளி 1600 என்று கேட்டறியும் பயிற்சியாளரும், தேர்வுக்குழுவும், ஆய்வாளரும் அடுத்ததாகக் கேட்க வேண்டியது, அவள் எவரோடெல்லாம் ஆட முடிந்தது என்பதையே.